பாத்துக்கம்மா

மவுஸ் தானாக நகர்ந்தால் இப்போது எங்கள் ஆபீசில் யாரும் பயப்படுவதில்லையாம். சென்னையில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவர் கம்ப்யூட்டருக்குள் வந்து சரி செய்கிறார். இவர்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்த பர்வீன் சொல்லிச் சிரித்தாள்.

"திரும்பி வந்து பாத்தா வேலை முடிஞ்சிருக்குதுக்கா. யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. அந்த எலி கதைய நான் சொன்னா புதுசா வந்ததுங்க நம்ப மாட்டேங்குதுங்க. நீங்க எழுதிக் குடுங்க."

நான் அஞ்சாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச வாய் வராது. எழுதும்போது எதிரில் யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது ஒரு லாட்ஜ் கம்பெனியில். பேர் வேண்டாம். திருவண்ணாமலையில் அவர்களுக்குச் சில லாட்ஜுகள் உண்டு. அதில் ஒன்றில் பல வருஷம் ரூம் பெருக்கி, பெட்ஷீட் மாற்றிக்கொண்டிருந்தேன். பௌர்ணமி என்றால் கிரிவலம் போய்விட்டு வந்து கால் வலியோடு படுக்கிற கூட்டம். ஒரு கூட்டம் எழுந்து போனதும் அடுத்த கூட்டம் கதவில் நிற்கும். அப்படி மாடிப்படி ஏறி இறங்கி முட்டி தேய்ந்துவிட்டது. மேனேஜர் தாமோதரன் சார்தான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"படி ஏற முடியலன்னா ஹெட் ஆபீசுக்கு வந்துடும்மா சரோஜா. சிஸ்டம் ரூமுக்கு ஒரு ஆள் வேணும்."

எனக்குத் தெரிந்ததெல்லாம் சிங்கிள் ரூம், டபுள் ரூம், டீலக்ஸ் ரூம். இது ஏதோ புதிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, "அதுல எத்தினி கட்டில் சார்?" என்று கேட்டுவிட்டேன். ஹெட் ஆபீசில் அது பரவி, நான் போய்ச் சேருவதற்கு முன்பே எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். பில் செக்ஷன் ஏகாம்பரம் சார் நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும், "இன்னாம்மா, கட்டில் எல்லாம் துடைச்சிட்டியா?" என்றுதான் கேட்பார்.

கட்டில் இல்லை. எந்நேரமும் குளிரும் ஒரு சின்ன அறை, பச்சை விளக்கு சிமிட்டும் பெட்டிகள், தேன்கூடு மாதிரி ஒரு சத்தம். என் வேலையைக் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. காலையில் முதலில் ஏசி, பிறகு கரண்ட் போனால் தாங்குகிற யூபிஎஸ் பெட்டியில் விளக்கு பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு ஒவ்வொரு மேஜையாகப் போய் கீபோர்டில் இருக்கிற பிஸ்கட் தூளைக் காற்றடித்து எடுப்பது. போன் வந்தால் யார், எந்த சீட், என்ன பண்ணுகிறது என்று கேட்டு உள்ளே சொல்வது. புது மவுஸ், பிரிண்டர் மை டப்பா எடுத்துப் போய்க் கொடுப்பது. ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்துக் குங்குமம் வைப்பதும் நான்தான்.

முதலில் அங்கே பொறுப்பில் இருந்தவர் வேகமான ஆள். எது வேலை செய்யவில்லை என்றாலும் புதிதாக ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்கு ஓடுவார். பழசு என்ன ஆனது என்று கேட்கமாட்டார். எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். வேறு நல்ல வேலை கிடைத்து அதே வேகத்தில் போய்விட்டார். பொங்கல் கழிந்து அவர் இடத்துக்கு வந்தவர்தான் நித்யா மேடம்.

மேடம் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். முன்பு சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தாராம். அதுவே முதல் சந்தேகம்.

"சென்னையில இருந்தவங்க இந்த ஊருக்கு எதுக்கு வரணும்? அங்க இன்னாவோ நடந்திருக்குது" என்றார் ஏகாம்பரம் சார், டீ நேரத்தில்.

"அவங்க வீட்ல ஏதாவது கஷ்டமா இருக்கும் சார்" என்றாள் பர்வீன். அப்போது அவள் மேடத்துக்காகப் பேசினாள். அதையும் எழுதி வைக்கவேண்டும்.

பர்வீன் புக்கிங் செக்ஷன். அவள் அப்பா தையல் கடை வைத்திருந்தவர். கண் மங்கிப்போய்க் கடையை மூடிவிட்டார். அந்த வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். ஊசி நூல் போல நேராகப் பேசுவாள். என்னை முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டவள் அவள்.

மேடத்தின் வழக்கம் யாருக்கும் பிடிபடவில்லை. பழையவர் ஆளை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். மேடம் நின்றுகொண்டே, "உக்காரலாமா?" என்று கேட்பார். தன் இடத்திலிருந்தபடியே அடுத்தவர் கம்ப்யூட்டரைச் சரி செய்யவேண்டுமானால் போன் போட்டு, "உங்க சிஸ்டத்துக்குள்ள வரட்டுமா?" என்பார். அவர்கள் "வாங்க" என்று சொன்ன பிறகுதான் போவார். முடிந்ததும், "போயிட்டு வரேன்" என்று சொல்லித்தான் போனை வைப்பார். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர் மாதிரி என்று எல்லாரும் கிண்டல் செய்தார்கள்.

இன்னொன்று. யாராவது பாஸ்வேர்ட் அடிக்கும்போது மேடம் முழுசாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். முதல் தடவை மேடம் அப்படித் திரும்பியபோது நான் பக்கத்தில் நின்றேன். என் மேல் பினாயில் வாசனை வருகிறது போலிருக்கிறது, அதனால்தான் முகத்தைத் திருப்புகிறார் என்று நினைத்து இரண்டு நாள் மனசு கஷ்டப்பட்டது. பிறகு மேனேஜர் சார் அறையிலும் அப்படியே திரும்பி நின்றதைப் பார்த்தேன். வெளியே வந்து என்னிடம் மெதுவாக, "நீங்களும் திரும்பிக்கோங்கம்மா. அடிக்கிறவங்களுக்கு ஒரு நிம்மதி" என்றார். அன்றிலிருந்து நானும் திரும்பிக்கொண்டேன். ஒருவர் பாஸ்வேர்ட் அடிக்க, நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நிற்போம். ஏகாம்பரம் சார், "இன்னா ரெண்டு பேரும், வாத்தியாரு வெளியே நிக்க வெச்சிட்டாரா?" என்பார்.

இப்படி முகத்தைத் திருப்புகிற ஆளுக்கு ஒரு பேச்சு மட்டும் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. யார் எந்தக் குறை சொன்னாலும், "பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." நெட் மெதுவாகப் போகிறது என்றாலும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன், பிரிண்டர் பேப்பரைக் கடிக்கிறது என்றாலும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அந்த வேலை என் கையில் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். ஆனால் கேட்கிறவர் காதில் அது எப்படி விழும் என்று மேடம் யோசிக்கவில்லை.

மேடம் வந்து ஒரு மாதம் இருக்கும். மேனேஜர் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"புது மேடம் எப்படிம்மா?"

"நல்லா இருக்காங்க சார்."

"ம். கொஞ்சம் பாத்துக்கம்மா."

அதற்குள் அவருக்கு ஒரு போன் வந்தது. கையால் போகச் சொன்னார். நான் வெளியே வந்து தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்று யோசித்தேன். பாத்துக்கம்மா என்றால் என்ன? புது இடம், பாவம், கவனித்துக்கொள் என்றாரா? இல்லை, ஒரு கண் வைத்திரு என்றாரா? திரும்பப் போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எது என்று தெரியாததால் இரண்டையும் செய்தேன்.

வெந்நீர் போட்டுக் கொண்டுபோய் வைப்பேன். மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாரா என்று பார்ப்பேன். பஸ் லேட்டானால் வாசலில் போய் நிற்பேன். கூடவே, மேடம் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனால் என் காதும் கூடவே போகும். மொட்டைமாடியில் குரங்கு கேபிளைக் கடித்துவிட்டது என்று மேலே போனால், நானும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறுவேன். நிஜமாகவே குரங்கு கடித்திருந்தது. அப்போதுகூட, கடித்தது குரங்குதானா என்று ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தேகப்படு என்று ஒருவர் சொன்னாரா இல்லையா என்றே தெரியாது. ஆனால் ஒரு தடவை உள்ளே வந்த சந்தேகத்துக்குத் தீனி எங்கிருந்தாவது கிடைத்துக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் வெந்நீர் வைக்கப் போனபோது மேடத்தின் திரையில் பர்வீனின் திரை தெரிந்தது. அதே புக்கிங் பக்கம், ஓரத்தில் அவள் வைத்திருக்கிற ரோஜாப்பூ படம். பர்வீன் அங்கே எழுதுவது இங்கே எழுத்தெழுத்தாக வந்துகொண்டிருந்தது. வெந்நீர் தட்டில் சிந்தியது. மேடம் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பர்வீனிடம்தான் பேசினாரா, "வரட்டுமா" என்று கேட்டுவிட்டுத்தான் போனாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் நிற்கவில்லை.

பங்குனி வெயிலில்தான் அது ஆரம்பித்தது. பர்வீன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சரோஜாக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. என் அம்புக்குறி தானா நவுருது."

"கை பட்டிருக்கும்மா."

"கைய மடியில வெச்சிக்கிட்டிருந்தேன்க்கா. இப்படிப் போயி, அப்படி நின்னுது. யாரோ உள்ளார உக்காந்து தேடற மாதிரி."

மேடத்துக்குப் போன் போட்டாள். மேடம், "வரட்டுமா?" என்று கேட்டு உள்ளே போய்ப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி நகர்ந்தது. மறுபடி போன். மேடம் வேறு வேலையில் இருந்திருப்பார். "பாத்துக்கிட்டுதான் இருக்கேன் பர்வீன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்தப் பக்கம் பர்வீன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அன்று சாயங்காலம் அவள் திரைக்கு மேலே இருக்கிற கேமரா ஓட்டையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. மறுநாள் ஆபீசில் இருந்த எல்லாக் கேமராவுக்கும் பொட்டு வந்துவிட்டது. டீ நேரத்தில் நான் போனால் பேச்சு நின்றது. "சிஸ்டம் ரூமுக்குப் போயிடும்" என்று ஒருத்தர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அவர்களுக்கு மேடமும் ஒற்றன், நானும் ஒற்றன். நானோ அதே அறையில் மேடத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு.

சித்ரா பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு அது வெடித்தது. ஆந்திராவிலிருந்து ஒரு பெரிய குடும்பம், வயசானவர்கள், கைக்குழந்தைகள், எல்லாரும் மூட்டையோடு லாட்ஜ் வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் பதிந்து வைத்திருந்த ரூம்கள் கேன்சல் ஆகி, வேறு ஆட்களுக்குப் போய்விட்டன. கேன்சல் செய்தது பர்வீனின் பேரில் என்று கம்ப்யூட்டர் காட்டியது. அந்தக் குடும்பத்துக்கு வேறு ஒருவரின் லாட்ஜில் கெஞ்சி இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, மேனேஜர் சார் எல்லாரையும் புக்கிங் செக்ஷனில் நிற்க வைத்தார்.

நடந்தது என்னவென்று பர்வீன் சொன்னாள். வேலூர்க்காரர் ஒருவர் போன் செய்து தன் ரூமைக் கேன்சல் செய்யச் சொன்னார். அவர் பேர் இருந்த வரியில் 'கேன்சல்' மேல் அம்புக்குறியை வைத்துவிட்டு, "நிச்சயமா வேணாமா சார்?" என்று கேட்டுக்கொண்டு போன் பக்கம் திரும்பினாள். திரும்பி வந்தபோது 'உறுதியா?' என்ற கட்டம் திறந்திருந்தது. தானே தட்டிவிட்டோம் என்று நினைத்து 'ஆம்' கொடுத்தாள். ஆனால் அம்புக்குறி ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. கீழே இருந்தது ஆந்திராக் குடும்பம்.

"நான் இறக்கல சார். அதுவா இறங்கிச்சு."

"அதுவா இறங்கறதுக்கு மவுஸ் மேல புள்ளையாரு ஏறி உக்காந்து ஓட்டறாரா?" என்றார் ஏகாம்பரம் சார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

பர்வீனுக்கு முகம் சிவந்துவிட்டது. மேடத்தின் பக்கம் திரும்பினாள்.

"புள்ளையாரு இல்ல சார். ஓட்டறவங்க இங்கதான் நிக்கிறாங்க. 'பாத்துக்கிட்டுதான் இருக்கேன்'னு எங்கிட்ட போன்லயே சொன்னாங்க. கேளுங்க, சொன்னீங்களா இல்லையா?"

மேடம் வாயைத் திறந்தார்.  "சொன்னேன். ஆனா அது..."

"சொன்னாங்க பாருங்க!"

"பர்வீன், நான் கேக்காம ஒரு தடவையாவது உள்ள வந்திருக்கனா?"

"வந்தா எனக்கு எப்படித் தெரியும் மேடம்? நீங்க கேட்டுக்கிட்டு வந்தது மட்டும்தானே எனக்குத் தெரியும்!"

 

மேனேஜர் சார் குரலை உயர்த்தவில்லை. "பௌர்ணமி கழியட்டும். ஒண்ணு இந்தப் பொண்ணு பொய் சொல்லுது, இல்ல அவங்க பொய் சொல்றாங்க. ரெண்டு பேருல ஒருத்தர்தான் இங்க இருப்பாங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ உள்ள வா" என்றார்.

அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினார். "பாத்துக்கிட்டியாம்மா?"

 மேடத்தின் திரையில் பர்வீனின் திரையைப் பார்த்தேன் என்ற ஒரு வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் மேடம் இன்றைக்கே கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறவேண்டியதுதான். சொல்லாவிட்டால் பர்வீன் போவாள். பார்த்தது நிஜம். ஆனால் பார்த்ததற்கு அர்த்தம் என்ன என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பாத்துக்கிட்டேன் சார். ரெண்டு நாளா டப்பாவத் தொறக்கல அவங்க. வெந்நீரு மட்டும்தான் குடிக்கிறாங்க."

 அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் அதைப் பாக்கச் சொல்லலம்மா."

எதைப் பார்க்கச் சொன்னார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "போ" என்றார். வந்துவிட்டேன். உள்ளே இருந்த வார்த்தை உள்ளேயே இருந்தது.

மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே மேடம் என்னைக் கூட்டிக்கொண்டு பர்வீன் மேஜைக்குப் போனார். பர்வீன் எழுந்திருக்கவில்லை.

"பர்வீன், உங்க சிஸ்டத்துல நான் கை வெக்க மாட்டேன். நீங்களே செய்ங்க. நான் சொல்றது மட்டும்தான். சரோஜாம்மா நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காரட்டும்."

"அக்காவும் உங்க ஆளுதானே" என்றாள் பர்வீன். அது என்னைக் குத்தியது. ஆனாலும் நாற்காலியை இழுத்து நடுவில் உட்கார்ந்தேன்.

"நெட் ஒயரை நீங்களே புடுங்குங்க."

பர்வீன் குனிந்து பிடுங்கினாள்.

"இனிமே வெளியிலிருந்தும் யாரும் வர முடியாது, என் ரூம்ல இருந்தும் வர முடியாது. இப்ப உங்க மவுஸைத் திருப்பி, அடியில இருக்கிற சுவிட்சை ஆஃப் பண்ணி அம்மா மடியில வைங்க."

வைத்தாள். மேடம் தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, தானும் மடியில் வைத்துக்கொண்டார். தன் போனை எதிர் மேஜையில் தள்ளி வைத்தார். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரம் சார் சலவைக்காரரோடு பில் விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அம்புக்குறி நகர்ந்தது.

கொஞ்ச தூரம் சறுக்கி, நின்று, ஒரு துள்ளு துள்ளியது. நான் "அண்ணாமலையாரே" என்றேன். பர்வீன் "யா அல்லா" என்றாள்.  மேடத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் என் சந்தேகம் பாதி இறங்கியது. தானே செய்கிற வேலையைப் பார்த்து ஒருத்தர் அப்படிப் பயப்பட முடியாது.

"கையில வேற ஏதாச்சும்..." என்று பர்வீன் ஆரம்பித்தாள். மேடம் மறுபடி கையை விரித்தார். அப்போது அது மறுபடி நகர்ந்தது. பர்வீன் சட்டென்று ஒரு விரலைத் தூக்கினாள்.

"உஷ். கேளுங்க."

பலகைக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரம் சார் குரல். "இது தலகாணி உறைக்கு. சரி. அடுத்தது." டக். அம்புக்குறி துள்ளியது.

"இது போர்வைக்கு. இன்னாய்யா, இவ்ளோ ஜாஸ்தி போட்டிருக்கே? சரி, சரி. அடுத்தது." டக். மறுபடி துள்ளியது.

"மேடம்! அவரு 'அடுத்தது'ன்னு சொல்றப்பல்லாம் போவுது!"

மேடம் தரையில் மண்டியிட்டு, "தொடலாமா?" என்று கேட்டார். அந்த நேரத்திலும் கேட்டார். பர்வீன் தலையாட்டினாள். கம்ப்யூட்டர் பெட்டியை இழுத்துத் திருப்பியபோது, பின்பக்கம் தூசிக்குள் விரல் நகம் அளவு ஒரு கட்டை சொருகியிருந்தது. முன்பக்கம் அதேபோல் இன்னொன்று.

ஒயர் இல்லாத ஒவ்வொரு மவுசுக்கும் அப்படி ஒரு கட்டை உண்டு. பஸ் ஸ்டாண்டில் எத்தனை சத்தம் இருந்தாலும் தன் அம்மா குரலுக்கு மட்டும் திரும்புகிற குழந்தை மாதிரி, அது தன்னுடைய மவுஸ் சொல்வதை மட்டும்தான் கேட்கும். முன்பக்கம் இருந்தது என் மடியில் இருந்த மவுசுடையது.

"அப்ப பின்னாடி இருக்கிறது எதோடது?" என்றார் மேடம்.

மூன்று பேரும் பில் செக்ஷனுக்குப் போனோம். ஏகாம்பரம் சார் மேஜையில் மின்விசிறிக்குப் பறக்காமல் பில்லெல்லாம் ஒரு அடுக்காக இருந்தது. அதன் மேலே வெயிட்டாக ஒரு கறுப்பு மவுஸ் உட்கார்ந்திருந்தது. முதுகில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு.

"இது எங்கிருந்து சார்?"

"இதா? செத்த எலி மேடம். ஆயுத பூஜைக்கு எல்லா எலியையும் தாம்பாளத்துல வெச்சி, மறுநா எடுத்துக்கிட்டோம் இல்ல? நான் எடுத்தது வேலை செய்யல. உங்களுக்கு முன்னாடி இருந்தவரு வேற குடுத்தாரு. இத இன்னா செய்யறதுன்னு டிராயர்ல போட்டேன். வெயிலு வந்து ஃபேன் போட்டதும் வெளிய எடுத்தேன்."

"குப்பையில போட்டிருக்கலாமே சார்."

"இன்னா மேடம் இப்படிச் சொல்றீங்க? பூஜை போட்ட பொருளு. பொட்டு வெச்சத எப்படிக் குப்பையில போடறது?"

மேடம் அதைத் தூக்கித் திருப்பினார். அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எல்லாம் ஒரே கடையில் வாங்கிய ஒரே கறுப்பு. தாம்பாளத்திலிருந்து எடுக்கும்போது பர்வீனுடையது ஏகாம்பரம் சாரிடம் வந்துவிட்டது. பர்வீன் எடுத்ததும் வேலை செய்யவில்லை. அவளுக்கும் பழையவர் அதே வேகத்தில் புதிதாக ஒன்றைச் சொருகிக் கொடுத்துவிட்டுப் போனார். பின்னால் இருந்த பழைய கட்டையை யாரும் எடுக்கவில்லை. ஏகாம்பரம் சார் மேஜைக்கும் பர்வீன் மேஜைக்கும் நடுவில் ஒரு பலகைதான். அவர் ஒவ்வொரு பில்லாக எடுத்து வெயிட்டை அழுத்தி வைக்கும்போதெல்லாம், இந்தப் பக்கம் ஒரு தட்டு விழுந்தது.

மேனேஜர் சார் வந்து பார்த்தார். ஏகாம்பரம் சாரைத் தூக்கி வைக்கச் சொன்னார், தானும் தூக்கி வைத்தார், பர்வீனின் திரையை எட்டி எட்டிப் பார்த்தார். கடைசியில், "சரி, சரி. எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாருங்க" என்றார். யார் இருப்பது, யார் போவது என்ற பேச்சை அவர் திரும்ப எடுக்கவில்லை. மன்னிப்பு என்ற பேச்சையும் யாரும் எடுக்கவில்லை. ஏகாம்பரம் சார் மட்டும், "நான் இன்னா கண்டேன், அது சாவலன்னு" என்று நாலு நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதோடு சந்தேகம் தீர்ந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். கேமராவில் ஒட்டிய பொட்டை யாரும் எடுக்கவில்லை. நான் வந்தால் டீ நேரத்தில் பேச்சு குறையத்தான் செய்தது. பூஜை போட்ட அந்த மவுசை மேடமும் குப்பையில் போடவில்லை. பேட்டரியைக் கழற்றி சிஸ்டம் ரூம் அலமாரியில் வைத்தார். நானே சில நாள் அதைத் தூக்கி அடியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன்.

பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாளோ என்னவோ, பர்வீனின் பிரிண்டர் நின்றுபோனது. மேடம் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"பர்வீன், வரட்டுமா?"

 மேடம் கை மவுஸ் மேல் இருந்தது, ஆனால் அசையவில்லை. அப்படியே காத்திருந்தார். பிறகு பர்வீன் குரல் எனக்கே கேட்டது.

"வாங்க மேடம். சாப்டீங்களா?"

அதற்குப் பிறகு மேடம் யாரிடமும் "பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்று சொல்லிக் கேட்டதில்லை. "செஞ்சிக்கிட்டிருக்கேன்" என்று மாற்றிக்கொண்டார்.

நான் ரிட்டயர் ஆன நாளில், பூ மாலை, கைத்தட்டல் எல்லாம் முடிந்த பிறகு சிஸ்டம் ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் கடைசியாக வெந்நீர் போட்டு வைத்தேன். மேடம் கப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குடிக்காமல் கேட்டார்.

"ஏம்மா, சார் உங்ககிட்ட என்னைப் பாத்துக்கச் சொன்னாரில்ல?"

எனக்கு உட்கார்ந்த இடத்தில் உடம்பு சுருங்கிவிட்டது. "உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் மேடம்?"

"வந்த ஒரு மாசத்துலயே சந்தேகம் வந்திடுச்சு. புது எடத்துல ஒருத்தர் கேக்காமலே இவ்ளோ வெந்நீர் கொண்டாந்து குடுத்தா, வேற இன்னா நெனைக்கிறது?"

இத்தனை வருஷம் நான் இவரைச் சந்தேகப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டே என் வெந்நீரைக் குடித்திருக்கிறார்.

"அப்புறம் எப்படி மேடம், என்னை வெச்சிக்கிட்டே பாஸ்வேர்ட் எல்லாம் அடிச்சீங்க?"

மேடம் சிரித்தார். "நீங்கதான் திரும்பிக்குவீங்களேம்மா."

சொல்லிவிட்டு, வேலையை முடித்துப் போகவேண்டும் என்று கீபோர்டை இழுத்தார். பாஸ்வேர்ட் கேட்டது. நான் பழக்கத்தில் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன்.